தலைக்கு வந்தது தொப்பியோடு போகுமா? ஒரகடம் ரோடு சொல்லும் கணக்கு

ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு ஒரகடம் ஜங்ஷனில் போய் நின்று பாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். ஷிஃப்ட் மாறுகிற நேரம் என்பதால் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். டீக்கடையில் கூட்டம் அள்ளும். அங்கே முகங்களை விடுங்க, தலைகளை மட்டும் கவனியுங்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண் பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பையிலிருந்து கம்பெனித் தொப்பியை எடுப்பார். கட்டட வேலைக்குப் போகிறவர் மஞ்சள் ஹெல்மெட்டைத் தூக்குவாளி மாதிரி கையில் மாட்டியிருப்பார். செக்யூரிட்டி அண்ணன் தலையில் வட்டத் தொப்பி. சாலையைக் கூட்டும் அம்மாவுக்கு முந்தானைதான் தொப்பி. பைக்கில் மூன்று பேராகப் பறக்கும் பசங்க தலையில் ஜெல் மட்டும்தான் இருக்கும். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சிரசுக்கு இந்த ஊரில் என்ன மரியாதை? தொப்பி என்றதும் நமக்கு எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பி ஞாபகம் வரும். ஃபேஷன் ஷோ ஞாபகம் வரும். ஆனால், தமிழ்நாட்டில் தினமும் அதிகம் பேர் தலையில் ஏறி இறங்கும் தொப்பிகள் இந்த மாதிரி தொழிற்சாலை ரோடுகளில்தான் இருக்கின்றன. யாருக்கு எந்தத் தொப்பி, எவ்வளவு நேரம், எந்த அளவில் என்று பார்த்தாலே போதும். எந்தத் தலைக்கு என்ன விலை என்பது தெரிந்துவிடும்.

கேட்டுக்கு உள்ளே ஒரு சட்டம்

தொழிற்சாலைக்குள் தொப்பி இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி என்றால், ஒரு முடி விழுந்தாலும் சர்க்யூட் போர்டு பாழ். அதனால் தலைமுடி முழுக்க மூடும் துணித் தொப்பி. சில இடங்களில் அந்தத் துணியிலேயே மெல்லிய கார்பன் இழை ஓடும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பொருளுக்குப் போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கார் கம்பெனி என்றால், மேலே இருக்கும் பாகங்களில் தலை இடித்தாலும் காயம் படாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் ஓடு வைத்த தொப்பி. கிரேன் ஓடும் இடத்தில் கெட்டி ஹெல்மெட். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர் தலையில் வலை.

கவனித்தீர்களா? இதில் பாதித் தொப்பிகள் தலையைக் காப்பாற்றுவதற்காக இல்லை. தலையிடமிருந்து பொருளைக் காப்பாற்றுவதற்காக! அது தப்பில்லைதான். தொழில் அப்படி. ஆனால், மல்லிப்பூவைக் கழற்றி வைத்துவிட்டு எட்டு மணி நேரம் அந்தத் தொப்பிக்குள் இருக்கும் பெண்ணின் தலை வியர்க்கிறதா, அரிக்கிறதா, நெற்றியில் எலாஸ்டிக் தடம் பதிகிறதா என்று கேட்க ஆடிட் பேப்பரில் கட்டம் இருக்க வேண்டாமா? நாட்டில் தொழிற்சாலை வேலை செய்யும் பெண்களில் சுமார் 42 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொப்பி சின்ன விஷயமில்லை.

அப்புறம் இருக்கவே இருக்கிறது கலர். வெள்ளை ஹெல்மெட் என்றால் இன்ஜினீயர் அல்லது மேனேஜர். மஞ்சள் என்றால் தொழிலாளி. பச்சை பல இடங்களில் சேஃப்டி ஆபீசர், நீலம் எலெக்ட்ரீஷியன், சிவப்பு தீயணைப்பு. இடத்துக்கு இடம் மாறும் வழக்கம் இது. அவசரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய கலர் உதவும், சரி. ஆனால், கலரைப் பார்த்தே 'சார்' என்பதா, 'டேய்' என்பதா என்று முடிவு செய்யும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் தலைப்பாகையைப் பார்த்து ஆளை எடைபோட்டார்கள். இப்போது பிளாஸ்டிக்கைப் பார்த்து எடைபோடுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தொப்பிக்காரர்களின் கதை

தொப்பி செய்வது உலகத்தில் பெரிய கைத்தொழிலாக இருந்தது. இங்கிலீஷில் தொப்பித் தொழிலுக்கு 'மில்லினரி' என்று பெயர். இத்தாலியின் மிலான் நகரிலிருந்து ரிப்பன், கையுறை, வைக்கோல் தொப்பி கொண்டுவந்து விற்ற வியாபாரிகளிடமிருந்து வந்த சொல் அது. நல்ல தொப்பிக்காரர் முதலில் தலையைத்தான் அளப்பார். எந்தத் தலையும் சரியான வட்டம் இல்லை. ஒரு பக்கம் புடைத்திருக்கும், ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். 19-ம் நூற்றாண்டு பிரான்ஸில் தலையில் கவிழ்த்து அதன் வடிவத்தைச் சின்னக் காகிதத்தில் குத்தி எடுக்கும் கருவிகூட வந்துவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையும் காகிதமாகக் கடையில் இருக்கும்!

அந்த அழகுக்கு ஒரு விலையும் இருந்தது. முயல் ரோமத்தைக் கம்பளிபோல ஒட்டவைக்கப் பாதரசக் கரைசல் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சு குளறியது, புத்தி தடுமாறியது. 'தொப்பிக்காரன்போலப் பைத்தியம்' என்று இங்கிலீஷ்காரர்கள் கேலி பேசினார்கள். ஆபத்து தெரிந்தும் அமெரிக்காவில் அந்தப் பழக்கம் நிற்க 1941 ஆயிற்று. பணக்காரர் தலைக்கு அழகு சேர்க்க, தொழிலாளி தலை கலங்கியது. இந்தக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்துக்கும் இது தேவைப்படும்.

நம்ம ஊருக்கும் தொப்பிக் கதை உண்டு. பழைய படங்களில் வெள்ளைக்கார துரை போட்டு வருவாரே, அந்த 'சோலா' தொப்பி. அது எதில் செய்தது தெரியுமா? நெட்டியில்! ஏரி, குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் வெள்ளைத் தண்டு. தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரிகளைச் செதுக்குவார்களே, அதே நெட்டிதான். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 'சோலா' என்பது அந்தச் செடிக்கு வங்காளத்தில் உள்ள பெயர். வெயிலுக்குப் போடுவதால் அதை 'சோலார்' என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

நெட்டி எப்படி வெயிலைத் தடுத்தது? அதன் உள்ளே முழுக்கக் காற்று. தூக்கினால் எடையே தெரியாது. சூடு கீழே இறங்காது. இன்றைக்கு உங்கள் பைக் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தெர்மாகோலிலும் இருப்பது அதே காற்றுதான். நெட்டித் தொப்பி வெயிலைத் தாங்கியது, தெர்மாகோல் அடியைத் தாங்குகிறது.

பைக் இங்கே, தொப்பி எங்கே?

இப்போது ஒரகடத்துக்குத் திரும்புவோம். இந்த ரோட்டில் வேடிக்கை ஒன்று உண்டு. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பைக் செய்கிறது. யமஹாவும் வல்லம் வடகாலில் இருக்கிறது. வாகனங்களைச் சோதித்துப் பார்க்க மத்திய அரசு அமைத்த குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரும் ஒரகடத்தில்தான். கார் மோதினால் உள்ளே இருக்கும் பொம்மைக்கு என்ன ஆகும் என்று அங்கே அளந்து பார்க்கிறார்கள். ஆனால், அந்த பைக்குகளின் தலைக்கவசம்? நாட்டின் பெரிய ஹெல்மெட் கம்பெனிகளின் பெயர்களைச் சொன்னால் பரிதாபாத், பெல்காவி, இமாச்சலத்தின் பட்டி என்று வேறு ஊர்கள்தான் வரும்.

ஹெல்மெட் செய்வதும் தொப்பிக்கலைதான். வெளி ஓடு பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அழுத்தி வருவது. விலை கூடினால் கண்ணாடி நார். உள்ளே, சின்னச் சின்ன மணிகளை நீராவியில் பொங்கவைத்து வார்த்த தெர்மாகோல். அதற்கும் உள்ளே துணியும் ஸ்பாஞ்சும். அதை வெட்டித் தைப்பது தையல் மெஷினில்தான். கடைசியில் தாடைப் பட்டை. பிறகு சோதனை. உயரத்திலிருந்து இரும்பின் மேல் போடுவார்கள், கூரான எடையை இறக்குவார்கள், பட்டையை இழுப்பார்கள். விழும்போது தெர்மாகோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கினால் நசுங்கினதுதான். மறுபடி பொங்காது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றியாக வேண்டும்.

2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். ஆனால், ரோட்டோரத்தில் மலிவு விலையில் தொங்குவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். முத்திரை ஸ்டிக்கரும் அதில் இருக்கும்! 2025 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே மாநிலங்களிடம் நடவடிக்கை எடுக்கக் கேட்டது. டெல்லியில் ஒரே நடவடிக்கையில் 2,500-க்கும் மேற்பட்ட தரமில்லாத ஹெல்மெட்டுகள் பிடிபட்டதாகவும் சொன்னது. 'குல்லா போட்டுட்டான்' என்று ஏமாற்றுகிறவனைச் சொல்வோம். போலி ஹெல்மெட் விற்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

வீட்டுக்குப் போற வழியும் வேலைதான்

இனிதான் முக்கியமான விஷயம். கேட்டுக்கு உள்ளே தொப்பி இல்லையென்றால் மெமோ. கேட்டைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஆறு வழிச் சாலையில் பைக்கை எடுத்தால்? அது 'அவங்க பர்சனல்'. நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் சொருகப் போகும் பையனின் தலை, ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை கம்பெனியின் பொறுப்பு. கேட்டைத் தாண்டியதும் யார் பொறுப்பும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி 2022-ல் மட்டும் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். 2022 அக்டோபரிலிருந்து இங்கே ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். போலீஸ் நிற்கும் இடம் வரை மாட்டிக்கொண்டு, தாண்டியதும் கழற்றுகிற வித்தை நமக்கு அத்துப்படி.

ஆனால், சட்டம் மெல்ல நகர்ந்திருக்கிறது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று நிரூபணமானால், அது வேலையில் நடந்த விபத்தாகவே கருதப்படும் என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே சேர்த்தார்கள். இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே அர்த்தம் பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இது இருக்கிறது.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரகடம் ரோடு சட்டப்படி தொழிற்சாலையின் நீட்சி. வழியில் விழுந்தாலும் வேலையில் விழுந்த மாதிரிதான். அப்படியானால், விழுந்த பிறகு இழப்பீட்டுக்கு அலையவிடுவதைவிட, விழும் முன் ஒரு நல்ல ஹெல்மெட் கொடுப்பது மலிவு இல்லையா? ஷூ தருகிறார்கள், யூனிஃபார்ம் தருகிறார்கள், ஆயுத பூஜைக்கு ஸ்வீட் பாக்ஸ் தருகிறார்கள். பைக்கில் வரும் தொழிலாளிக்கு, முக்கியமாக கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அப்ரன்டிஸுக்கும், அளவெடுத்து ஒரு ரோடு ஹெல்மெட் தருவது பெரிய செலவில்லை.

'எங்க ஆளுங்க பஸ்ல வர்றாங்க' என்று நிர்வாகம் சொல்லலாம். பலர் பஸ்ஸில்தான் வருகிறார்கள், உண்மை. ஆனால், ஸ்டாப்பிலிருந்து வீடு வரை? ஓவர்டைம் முடிந்து பஸ்ஸைத் தவறவிட்ட அன்று? இரவல் பைக்கில் பின்னால் ஏறுவது அப்போதுதான். புது டூவீலர் வாங்கும்போது ஒன்றல்ல, இரண்டு ஹெல்மெட் தர வேண்டும் என்று 2025 ஜூனில் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. பின்னால் உட்காருகிறவருக்கும் தலை இருக்கிறது என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி அது. ஆனால், செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குகிற பையனை அது தொடாதே!

வெயிலுக்கு யார் தொப்பி?

இந்த ரோட்டில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. புதிய ஷெட் கட்டுகிறவர்கள், சாலை போடுகிறவர்கள், லாரி ஏற்றி இறக்குகிறவர்கள், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகள், கூட்டுகிறவர்கள். இவர்களுக்கு மேலே இருந்து விழும் கல்லைவிட, தினமும் விழும் வெயில்தான் எதிரி. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. ஆனால், அது இறந்த பிறகு வரும் பணம். இறக்காமல் இருக்க நிழல், தண்ணீர், மதிய இடைவேளை வேண்டும். கூடவே ஒரு தொப்பியும் வேண்டும்.

துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றுவது நம் பெரியவர்கள் கண்டுபிடித்த தொப்பி. வியர்வையை உறிஞ்சும், நனைத்துக் கட்டினால் குளிர்ச்சி தரும். அதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். ஆனால், அதை ஹெல்மெட்டுக்குள் திணிக்கும்போதுதான் சிக்கல். கெட்டி ஹெல்மெட்டின் ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அடியைத் தாங்குகிறது. அதில் துண்டு, பீடிக்கட்டு, செல்போன் என்று அடைத்தால் ஹெல்மெட் வெறும் பிளாஸ்டிக் கிண்ணம்.

ஹெல்மெட் தேவைப்படாத வெளிவேலைக்காரர்களுக்கு அகல விளிம்பு ஓலைத் தொப்பி எவ்வளவு நல்ல தீர்வு! பனை நம் மாநில மரம். பழவேற்காட்டிலும் மணப்பாட்டிலும் பனை ஓலையைக் கையால் முடைந்து பெட்டியும் கூடையும் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். ஈக்வடார் நாட்டின் ஓலைத் தொப்பி, பனாமா என்ற வேறு நாட்டுப் பெயரோடு உலகமெல்லாம் விற்கிறது. அந்தப் பின்னல் கலையை 2012-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் ஓலைத் தொப்பியோ சுற்றுலாத் தலத்தில் போட்டோ எடுப்பதோடு சரி. இந்த ரோட்டில் இருக்கும் கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் கொஞ்சம் ஒதுக்கி, வெளியே வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஓலைத் தொப்பி வாங்கினால், முடைகிற கைக்கு வேலை கிடைக்கும், வேகிற தலைக்கு நிழலும் கிடைக்கும். ஆனால், நியாயமான கூலி கொடுத்து வாங்க வேண்டும். பாதரசக் கதையை மறக்கக் கூடாது. ஒரு தலையைக் காக்க இன்னொரு தலையை அடகு வைக்க முடியாது.

உங்க தலைக்கு எது அளவு?

சரி, அரசும் கம்பெனியும் செய்வதைச் செய்யட்டும். நாம் கடைக்குப் போகும்போது பார்க்க வேண்டியவை இவை:

* டெய்லர் டேப்பைப் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, தலையைச் சுற்றி வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள். 'ஃப்ரீ சைஸ்' என்று நீட்டினால் வேண்டாம்.

* மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. பட்டையை மாட்டிவிட்டுப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை.

* பெண்கள் உச்சிக் கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் மாட்டினால் அது சரியாக உட்காராது. கழுத்துக்குக் கீழே வரும் பின்னலோ, தாழ்வான முடிச்சோ நல்லது. கணவர் ஹெல்மெட்டையே மாட்டிக்கொள்வதும் வேண்டாம். உங்கள் தலை உங்களுடையது.

* முத்திரையில் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற ஆப்பில் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிந்துவிடும்.

* 'வெயிட் ஜாஸ்தி, கழுத்து வலிக்குது' என்பவர்களுக்கு: எடை குறைவான ஹெல்மெட்டாகத் தேடுங்கள். காற்றுத் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உள்துணியைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

* வேலையிடத்து மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்தது அது. ரோட்டில் அடி பக்கவாட்டில் வரும், பின்னால் வரும். போலீஸுக்குத் தெரியாமல் போகலாம், ரோட்டுக்குத் தெரியும்.

* வேலையிடத்து ஹெல்மெட்டின் உள்ளே தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். வெயிலில் கிடந்து வெளுத்து, நெற்றிப்பட்டை கிழிந்ததைக் கொடுத்தால் மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாலை மறுபடி அதே ஜங்ஷன். அடுத்த ஷிஃப்ட் உள்ளே போகிறது, முதல் ஷிஃப்ட் வெளியே வருகிறது. தொப்பிகள் பைக்குள் போகின்றன. நெற்றியில் எலாஸ்டிக் தடத்தோடு பஸ் ஏறும் பெண், பைக்கை உதைக்கும் பையன், துண்டை உதறித் தோளில் போடும் மேஸ்திரி. காலையிலிருந்து இவர்கள் செய்த பொருள் ஒவ்வொன்றும் தெர்மாகோலும் அட்டைப்பெட்டியும் வைத்து, கீறல் படாமல் பேக் செய்யப்பட்டு லாரியில் ஏறிவிட்டது.

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்ல முதலில் தலையில் தலைப்பாகை இருந்தாக வேண்டும். இன்றைக்கு வண்டியை எடுக்கும்போது டேங்க் மேல் இருப்பதை எடுத்துத் தலையில் மாட்டுங்கள். பட்டையையும் போடுங்க. பின்னால் ஏறுகிறவர் தலையையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.